அமுங்க வேண்டியது

கோத்தகிரியில் எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்.
மற்ற நாட்களில் ஸ்கேன் திரைக்கு
யாரோ தைத்துப் போட்ட பூப்போட்ட உறை.

கார்த்திகைக் குளிர்.
ஜெல் பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தியிருந்தேன்,
பால் புட்டியைப் போல.
அப்படியும் சில்லிடும்.
அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது என் வழக்கம்.

போஜன், வயது ஐம்பத்து மூன்று.
மேட்டுப்பாளையம் வண்டி ஓட்டுகிறவர்.
இடது காலை இரு கைகளாலும் தூக்கிக்
கட்டில்மேல் வைத்தார்,
அடுத்தவர் சாமானை வைப்பதுபோல.
"கிளட்ச் காலு மேடம்."
பாதி வரலாறு அதிலேயே முடிந்தது.

குப்புறப் படுக்க வைத்தேன்.
தேய்ந்த மூட்டு ஊறவிட்ட நீர்
முன்பக்கம் இடமில்லாமல்
முழங்காலின் பின்குழிக்கு வந்து
பை கட்டியிருக்கிறது.
கோலிக்குண்டாய் இருந்தது எலுமிச்சையான அன்று
"இது ஒண்ணும் செய்யாது" என்றார்களாம் போன வருஷம்.
அதற்கு அவர் வைத்த பெயர் பாசஞ்சர்.
டிக்கெட் எடுக்காத பாசஞ்சர்.

சனிக்கிழமை ராத்திரி
உள்ளே ஏதோ பட்டென்று விட்டது.
கெண்டைக்காலில் வெந்நீர் ஓடுவதுபோல இருந்ததாம்.
மிச்சி தைலம் காய்ச்சி
மூன்று நாள் நீவிவிட்டிருக்கிறார்.
இப்போது வாசலில்
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நிற்கிறார்.

திரையில் கிடைத்துவிட்டது:
பை உடைந்து, வாய் சுருங்கி,
தசைகளுக்கு நடுவே கறுப்பாய் நீர் இறங்கிய தடம்.
என் இடது கை டைப் செய்யத் தொடங்கிவிட்டது.
வெளியே இன்னும் பதினோரு பேர்.

இங்கேதான் தப்பு நடக்கும்.
ஒரு விடை உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்
இன்னொன்று இருக்கிறதா என்று
யாரும் பார்ப்பதில்லை.

திருப்பிப் படுக்க வைத்தேன்.
தொடையிடுக்கில் தொடங்கி
விரலளவு விரலளவாக அழுத்திக்கொண்டு இறங்க வேண்டும்.
தமனி துடிக்கும், துடிக்கட்டும்.
பக்கத்தில் இருக்கிறதே சிரை,
அது அழுத்தினால் கண் மூட வேண்டும்,
விட்டால் திறக்க வேண்டும்.
மூடியது. திறந்தது.
மூடியது.
மின்சாரம் போய் வந்தது.
மூடியது, திறந்தது.
முழங்காலுக்குப் பின்னால்
அந்தப் பாசஞ்சர் ஒரு வருஷம் சாய்ந்திருந்த இடத்தில்
மூடவில்லை.
இன்னும் அழுத்தினேன்.
"வலிக்குதுங்க."
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, இரண்டும்.
வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீக்கம்,
ஒரே சூடு, அதே பளபளப்பு.
பை மட்டும் உடைந்திருக்கையில்
இரத்தத்தை இளக்க ஊசி போட்டால்
கெண்டைக்குள்ளேயே இரத்தம் கட்டும்.
உறைந்தது உள்ளே இருக்கையில் நீவினால்
அது ஊர் கிளம்பும், நுரையீரல் வரைக்கும்.
இரண்டும் சேர்ந்திருந்தால் என்ன செய்வது?
அதைத் தெய்வநாயகி டாக்டர் பார்த்துக்கொள்வார்.
நான் போனை எடுத்தேன்.

"மேடேறினா மூச்சு வாங்குதா?"
"மலையில யாருக்குத்தான் வாங்கல?"
"புதுசா?"
அவர் யோசித்த நேரமே பதில்.

முதல் ஊசி வயிற்றில்.
கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ்.
சாயங்கால வண்டியை யார் எடுப்பார்கள் என்பதுதான்
அவருடைய ஒரே கேள்வி.

மிச்சி என் மேஜைக்கு வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"நா நீவுனதாலயா?"
இல்லை என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
என்னிடம் படம் இல்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸ் சொன்னாள்,
மூச்சு பரவாயில்லையாம், ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம்.
அன்றைக்கு வழி நெடுக
கண்ணை மூடித்தான் கிடந்தாராம்.
ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும்
முன்னால் இருக்கும் டிரைவர் கியர் மாற்றுவதற்கு
ஒரு நொடி முன்பாக
போர்வைக்குள் அந்த இடது பாதம்
ஒருமுறை அமுங்கி எழுந்ததாம்.